கரும்புத் தோட்டம் கண்ட தலைவி

கணவன் தலைவனாக இருந்தான், கண்ணை மூடினான், காலியான நாற்காலியில் மனைவி வந்து அமர்ந்தாள். உலகின் பல நாடுகளிலே இப்படி நடந்ததுண்டு. நடந்தபோதெல்லாம் நாலு பேர் கூடி நகைத்ததும் உண்டு. "அவளுக்கு என்ன தெரியும் அரசியல்? அடுக்களையில் இருந்தவள்தானே!" என்று பேசுவோருக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை.

அந்த ஏளனத்தை எல்லோர்மீதும் ஒரே அளவாகத் தூக்கி எறிவோர், ஒரு பெண்மணியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். படித்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

ஜேனட் ஜெகன் அம்மையார்! தென் அமெரிக்காவின் வடபுறத்திலே, அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்திலே உள்ள கயானா நாட்டின் குடியரசுத் தலைவருக்கு மனைவியாக இருந்தவர். கணவர் 1997 மார்ச் 6-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 19-இல் அம்மையாரே குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். தேதிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு, கணவன் விட்டுச் சென்ற சொத்து மனைவிக்கு வந்து சேர்ந்தது போலத்தான் தோன்றும். ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கு முன்னாலே ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. தோல்வியும் வெற்றியும், சிறையும் பதவியும், குண்டு வீச்சும் பத்திரிகைப் பணியும் நிறைந்த ஐம்பது ஆண்டுகள்! அவற்றை மறைத்துவிட்டுத் தேதியை மட்டும் காட்டுவது, ஆலமரத்தை மறைத்துவிட்டு விழுதை மட்டும் காட்டுவது போன்றதாகும்.

கரும்பும் கண்ணீரும்

கயானாவைப் பற்றி முதலிலே சில சொற்கள். பரப்பு ஏறத்தாழ 83,000 சதுர மைல். மக்களோ எட்டு இலட்சத்தை ஒட்டித்தான். பெரும் பகுதி காடு. மக்கள் வாழ்வது கடலோரத்து ஒடுங்கிய நிலப்பகுதியிலே. அந்த நிலமும் கடல் பொங்கும் வேளையில் நீர் மட்டத்துக்குக் கீழே கிடப்பது. கரை கட்டிக் கடலைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி வயலாக்கியது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

1838-இல் அடிமைமுறை அடியோடு ஒழிந்தது. ஒழிந்ததும், "கரும்பு வெட்ட ஆள் எங்கே?" என்று தோட்ட முதலாளிகள் கூவினர். அந்தக் கூவலுக்கு விடையாக இந்தியாவிலிருந்து கப்பல் புறப்பட்டது. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அந்த மண்ணில் இறக்கப்பட்டனர். பெரும்பாலோர் வடநாட்டினர், கல்கத்தாவிலே கப்பல் ஏறியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் சில ஆயிரம் பேர் உண்டு. 'மதராஸி' என்று அங்கே அவர்களுக்குப் பெயர். தமிழ் மறந்து போன பின்னரும், அவர்தம் கொடிவழியினர் பெர்பிஸ் பகுதியிலே மாரியம்மனுக்குப் பொங்கலிடும் வழக்கத்தை மறக்கவில்லை. ஆகவே கயானா நமக்கு முற்றிலும் அயலார் வீடு அல்ல. நம்மவர் வியர்வையும் கொஞ்சம் அந்தக் கரும்பிலே கலந்திருக்கிறது.

அந்தப் பெர்பிஸிலே, போர்ட் மொராண்ட் என்னும் தோட்டத்திலே, 1918-இல் பிறந்தவர் செட்டி ஜெகன். பெயரைப் பார்த்துவிட்டுக் காரைக்குடிப் பக்கத்தவரோ என்று எண்ணிவிட வேண்டாம். அவர் பெற்றோர் உத்தரப் பிரதேசத்துப் பஸ்தி மாவட்டத்தவர். கைக்குழந்தைகளாக, கூலிக்கு வந்த தம் தாய்மாருடன் கப்பலில் வந்து சேர்ந்தவர்கள். தந்தை தோட்டத்திலே கங்காணி. தாய் கரும்புக் காட்டிலே கூலி. மகனைப் படிக்க வைத்தே தீருவது என்று மிச்சம் பிடித்து, 1936-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இரவிலே லிஃப்ட் இயக்கும் வேலை, பகலிலே படிப்பு. இப்படி வாழ்ந்து, சிகாகோவிலே பல் மருத்துவப் பட்டம் பெற்றார் செட்டி ஜெகன்.

மாலையும் மந்திரமும் இல்லா மணம்

அதே சிகாகோவிலே, 1920 அக்டோபர் 20-ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர் ஜேனட் ரோசன்பர்க். நடுத்தரக் குடும்பம். வெள்ளை நிறம். செவிலியர் படிப்பு. போர்க்காலம் அது. பாசிசத்தை எதிர்த்து உலகமே கொதித்துக் கொண்டிருந்த வேளையிலே, இடதுசாரிக் கருத்துகளிலே ஈடுபாடு கொண்ட அந்த இளநங்கை, கரும்புத் தோட்டத்து இளைஞரைச் சந்தித்தார். 1943 ஆகஸ்ட் 5-இல் இருவரும் பதிவுத் திருமணம் செய்து கொண்டனர்.

புரோகிதர் இல்லை, பாதிரியார் இல்லை. நம் நாட்டிலே சுயமரியாதைத் திருமணம் என்று சொன்னாலே முகம் சுளித்தார்களே சிலர், அந்தக் காலத்திலே நடந்த மணம் அது. அங்கே முகம் சுளித்தது யார் தெரியுமா? பெண்ணைப் பெற்ற தந்தையே! வேறு நிறத்தவனை, வேறு நாட்டவனை, வேறு மதத்தவனை மகள் மணப்பதை அவர் ஏற்கவில்லை. மகள் கலங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரிலே, கணவரின் நாட்டிலே கால் வைத்தார்.

அங்கே அவருக்குக் காத்திருந்தது என்ன? மாளிகையா? பல் மருத்துவரின் சிறு அறை. கணவர் பல் பிடுங்குவார். மனைவி கருவிகளைக் கழுவி எடுத்துக் கொடுப்பார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த வேலை. ஆனால் அறைக்குள் வந்தவர்களின் பல்வலியைக் கேட்டவர், அவர்களுடைய வாழ்க்கை வலியையும் கேட்டார். அங்கேதான் அரசியல் தொடங்கியது.

மேடைக்கு வந்த மருத்துவச் செவிலி

அந்நாளிலே கயானாவின் சர்க்கரைத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஒரே ஆங்கிலக் கம்பெனியிடம் இருந்தன. அதன் பெயர் புக்கர். 'பிரிட்டிஷ் கயானா' என்பதற்குப் பதில் 'புக்கர் கயானா' என்று மக்கள் கேலியாகச் சொல்லும் அளவுக்கு அதன் கை நீண்டிருந்தது. தொழிலாளர் குடியிருந்தது, அடிமைக் காலத்திலே கட்டப்பட்ட நீண்ட கொட்டடிகளில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே 'லயம்' என்பார்களே, அதைப் போன்றவை. அங்கே 'லோஜி' என்பார்கள். பெயர்தான் வேறு, ஒழுகும் கூரை ஒன்றுதான்.

1946-ஆம் ஆண்டு. ஜேனட் அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. வினிபிரட் காஸ்கின் முதலிய பெண்மணிகளோடு சேர்ந்து, பெண்களுக்கான அரசியல் பொருளாதார அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு, கணவரோடும் தோழர்களோடும் சேர்ந்து அரசியல் விவகாரக் குழு ஒன்றையும் அமைத்தார். 1947 தேர்தலிலே கணவரும் நின்றார், மனைவியும் நின்றார். கணவர் வென்றார். மனைவி தோற்றார்.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கணவரின் நிழலிலே வந்தவராக இருந்திருந்தால், தோல்விக்குப் பிறகு வீட்டோடு இருந்திருப்பார். அவரோ தெருவிலே இறங்கினார்.

1948 ஜூன் 16. என்மோர் தோட்டத்திலே வேலை நிறுத்தம். தம் விருப்பப்படி சங்கம் அமைக்கும் உரிமை கேட்ட தொழிலாளர்மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் மாண்டனர். அந்த ஐவரின் உடல்களையும் சுமந்துகொண்டு, தோட்டத்திலிருந்து தலைநகர் வரை பதினாறு மைல் தூரம் மக்கள் நடந்தனர். ஊர்வலத்தின் முன்னணியிலே ஜெகன் தம்பதியர் நடந்தனர். என் வாழ்வு இனி இம்மக்களுக்கே என்று அன்று உறுதி பூண்டதாகச் செட்டி ஜெகன் பின்னாளில் எழுதினார். அம்மையார் என்ன உறுதி பூண்டார் என்பதை அவர் சொல்லித்தான் அறிய வேண்டுமா? அடுத்த அறுபது ஆண்டுகள் சொல்கின்றனவே!

கட்சியின் கருப்பெட்டி

1950 ஜனவரி முதல் நாள், மக்கள் முற்போக்குக் கட்சி பிறந்தது. செட்டி ஜெகன் தலைவர். ஆப்பிரிக்க வழியினரான வழக்கறிஞர் போர்ப்ஸ் பர்ன்ஹாம் அவைத்தலைவர். பொதுச் செயலாளர் யார்? ஜேனட் ஜெகன். 1970 வரை, இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பு அவர் தோளிலே இருந்தது. 'தண்டர்' என்று, இடி என்னும் பொருள்படப் பெயரிட்ட கட்சி ஏட்டுக்கும் அவரே ஆசிரியர்.

கட்சிப் பணி தெரிந்தவர்களுக்கு, பொதுச் செயலாளர் பதவியின் பொருள் தெரியும். மேடையிலே மாலை தலைவருக்கு. மேடை போட்டதற்குக் கணக்கு செயலாளருக்கு. கிளை எங்கே அமைந்தது, சந்தா எங்கே நின்றது, எந்த ஊரிலே இரண்டு பேருக்குள் மனக்கசப்பு, அடுத்த இதழுக்குத் தாள் உண்டா, அச்சகத்தானுக்குப் பணம் உண்டா என்று உறங்காமல் கவலைப்படுவது செயலாளர். அந்தக் கவலையை இருபது ஆண்டு பட்டவரைப் பார்த்து, கணவரின் நாற்காலியிலே அமர்ந்தவர் என்று கூறுவதா? கணவரின் நாற்காலிக்கு ஆணி அடித்தவரே அவர்தான்!

1950-இல் ஜார்ஜ்டவுன் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்திலே இடம் பெற்ற முதல் பெண். 1953 ஏப்ரலிலே, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையிலே அந்நாட்டின் முதல் பொதுத்தேர்தல். மொத்த இடங்கள் 24. மக்கள் முற்போக்குக் கட்சி 18-ஐக் கைப்பற்றியது. சட்டமன்றத்துக்குள் நுழைந்த பெண்கள் மூவர். அவருள் ஒருவர் ஜேனட். துணை சபாநாயகர் பொறுப்பும் அவருக்கு.

இந்தியரும் ஆப்பிரிக்கரும் தோளோடு தோள் சேர்ந்து பெற்ற வெற்றி அது. உழைப்பவன் நிறம் எதுவானாலும் உறிஞ்சுபவன் ஒருவனே என்று உணர்ந்து பெற்ற வெற்றி அது.

நூற்று முப்பத்து மூன்று நாள்

பொறுப்பார்களா ஆதிக்கக்காரர்கள்? எந்தச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளரே வாக்களித்து முடிவு செய்யலாம் என்று ஒரு மசோதா. அக்டோபர் 8-ஆம் நாள் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 9-ஆம் நாள் அரசியல் சட்டத்தையே முடக்கிப் போட்டது சர்ச்சில் சர்க்கார். போர்க்கப்பல் வந்தது; பட்டாளம் இறங்கியது. கம்யூனிஸ்டு அபாயம் என்று காரணம் சொன்னார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி நிலைத்தது 133 நாள்!

செட்டி ஜெகனும் பர்ன்ஹாமும் இலண்டனுக்கும், பின்னர் இந்தியாவுக்கும் வந்து நியாயம் கேட்டனர். நியாயம் கிடைக்கவில்லை. 1954-இல் ஊரை விட்டு நகரக் கூடாது என்ற தடையை மீறினார் என்று செட்டி ஜெகனுக்குச் சிறை. அவர் வெளியே வருமுன் கட்சி கலைந்துவிடும் என்று எண்ணினர் எதிரிகள். கலையவில்லை, செயலாளர் இருந்தார். ஆகவே செயலாளரையும் பிடித்தனர். அதே 1954-இல் ஜேனட் அம்மையாருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை. வீட்டிலே ஐந்து வயது மகன். சிகாகோவிலே இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். கயானாவின் சிறையிலே கம்பி எண்ணினார். வெள்ளை நிறத்தின் சலுகையை வேண்டாம் என்று வீசி எறிந்தவருக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஒற்றுமை உடைந்த கதை

இனிவரும் பகுதி இனிக்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1955-இல் கட்சி உடைந்தது. பர்ன்ஹாம் பிரிந்து சென்று, பின்னர் மக்கள் தேசிய காங்கிரஸ் அமைத்தார். இந்திய வழியினரில் பெரும்பாலோர் ஒருபுறம். ஆப்பிரிக்க வழியினரில் பெரும்பாலோர் மறுபுறம். அடிமையின் பேரனும் கூலியின் பேரனும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்கும் நிலை வந்தது. பழி முழுவதும் ஒரு பக்கம்தான் என்று சொல்வது கட்சிக்கு உகந்ததாக இருக்கலாம்; உண்மைக்கு உகந்ததாகாது. பிளவை வளர்த்ததில் ஆதிக்கக்காரருக்குப் பங்குண்டு. இரு தரப்புத் தலைவர்களுக்கும் பங்குண்டு.

1957 தேர்தலிலே 14 இடங்களில் 9-ஐ ஜெகன் அணி வென்றது. தொழிலாளர் நலம், சுகாதாரம், வீட்டு வசதி ஆகிய துறைகளின் அமைச்சரானார் ஜேனட். நகரத்திலே மட்டும் இருந்த மருத்துவ வசதியைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார். தாய்சேய் நலத்துக்காக ஊர்தோறும் நிலையங்கள் திறந்தார். செவிலியர் படிப்புப் படித்த கை அல்லவா, எங்கே வலிக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

1961-இலும் வெற்றி, 35-இல் 20 இடங்கள். அப்போது கியூபாவைக் கண்டு அஞ்சிக் கொண்டிருந்தது அமெரிக்கா. இன்னொரு கியூபா முளைத்துவிடுமோ என்ற அச்சத்திலே, கெனடி சர்க்கார் கயானாவிலே கை வைத்தது. 1963-இலே எண்பது நாள் நடந்த பொது வேலை நிறுத்தத்துக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் பாய்ந்தது. நான் கட்டிச் சொல்லும் கதையல்ல இது. பின்னாளில் வெளிவந்த அமெரிக்க ஆவணங்களே கூறுவது. கெனடியின் ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர், 1990-இல், செட்டி ஜெகனுக்குப் பெரும் அநீதி இழைத்துவிட்டோம் என்று அவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார். முப்பதாண்டு கழித்து வந்தது அந்த மன்னிப்பு! இடையிலே சிந்திய இரத்தத்தை அது திருப்பித் தருமா?

அந்த வேலை நிறுத்தக் காலத்தில்தான், உள்துறை அமைச்சர் திடீரென மறைந்ததால், அந்தப் பொறுப்பு ஜேனட் அம்மையாரிடம் வந்தது. பெயர்தான் உள்துறை அமைச்சர். போலீசின் இறுதிக் கடிவாளமோ ஆங்கிலக் கவர்னரிடம். 1964 மே திங்களிலே விஸ்மார் என்னும் ஊரிலே இந்தியர் வீடுகள் எரிந்தன. பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். போலீஸ் கைகட்டி நின்றது. வேறு ஊர்களிலே ஆப்பிரிக்கர் தாக்கப்பட்டு மாண்டனர். அந்த ஆண்டு மட்டும் இரு தரப்பிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. தம் சொல்லுக்குப் போலீஸ் கட்டுப்படாத நிலையிலே பதவியில் ஒட்டிக் கொண்டிருக்க அம்மையார் விரும்பவில்லை. ஜூன் முதல் நாள் விலகினார்.

அதே ஆண்டு ஜூலையிலே, கட்சித் தலைமை நிலையத்தின் புத்தகக் கடையிலே வெடிகுண்டு. அதைக் கண்டு, வெளியே அப்புறப்படுத்த முயன்ற ஊழியர் மைக்கேல் போர்டு உயிரிழந்தார். அவர் ஆப்பிரிக்க வழியினர். இனம் இனம் என்று முழங்கியவர்களுக்கு அந்த இளைஞரின் சாவு விடை சொல்லிற்று. கேட்கத்தான் செவியில்லை.

1964 டிசம்பரிலே, தேர்தல் முறையையே மாற்றி வைத்துத் தேர்தல் நடத்தினர் ஆங்கிலேயர். விகிதாசார முறை. ஜெகன் கட்சிக்கே மிகுந்த வாக்கு. நூற்றுக்கு 45-க்கு மேல். இடங்கள் 53-இல் 24. ஆனாலும் மற்ற இரு கட்சிகள் கூடி ஆட்சி அமைத்தன. பர்ன்ஹாம் முதல்வரானார். 1966 மே 26-இல் கயானா விடுதலை பெற்றபோது, விடுதலைக்கு முதலிலே குரல் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சி வரிசையிலே அமர்ந்திருந்தனர்!

இருபத்தெட்டு ஆண்டு

ஓராண்டு பதவி இல்லையென்றால் உடல் இளைக்கிறது நம் ஊரிலே பலருக்கு. இரண்டாம் ஆண்டு கொடி மாறுகிறது. மூன்றாம் ஆண்டு கொள்கை மாறுகிறது. ஜெகன் தம்பதியர் எதிர்க்கட்சியிலே இருந்தது 28 ஆண்டுகள். 1968, 1973, 1980, 1985 என்று நடந்த தேர்தல்கள் எல்லாம் மோசடியானவை என்பதை நடுநிலையாளர்களும் பதிவு செய்தனர். 1973-இல் வாக்குப் பெட்டியைக் காத்து நின்ற கட்சி இளைஞர் இருவரைப் பட்டாளத்தார் சுட்டுக் கொன்றனர்.

அந்த இருண்ட காலத்திலே அம்மையார் ஏந்திய ஆயுதம் பேனா. 1973 முதல் 1997 வரை, 'மிர்ரர்' என்னும் ஏட்டின் ஆசிரியராக இருந்தார். ஏட்டை நேரடியாக மூடினால் உலகம் கேட்கும் என்று, அச்சடிக்கும் தாளை இறக்குமதி செய்ய விடாமல் நெருக்கிற்று பர்ன்ஹாம் ஆட்சி. பக்கம் குறைந்தது, ஏடு நிற்கவில்லை. கட்சி ஏடு நடத்துவது என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள், இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நொடி நிற்பார்கள். விளம்பரம் வராது. விற்ற பணம் வந்து சேராது. ஆளும் தரப்பு முறைக்கும். சொந்தத் தரப்பு குறை சொல்லும். அதை இருபத்து நான்கு ஆண்டு செய்தார் ஒரு பெண். இடையிடையே நாடாளுமன்ற உறுப்பினர் பணி. குழந்தைகளுக்குக் கதைகளும் எழுதினார்.

1992 அக்டோபர் 5. அமெரிக்காவின் முன்னாள் தலைவர் ஜிம்மி கார்ட்டர் முதலானோர் மேற்பார்வையிலே நேர்மையான தேர்தல். செட்டி ஜெகன் வென்று குடியரசுத் தலைவரானார். ஜேனட் அம்மையார் 'தலைவரின் துணைவி' என்ற பட்டத்தைப் பெற்றது அப்போதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அமைச்சராக இருந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து, செயலாளரான நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து, அவர் தலைவரின் மனைவி ஆகிறார்! மனைவி என்பதால் அரசியலுக்கு வந்தாரா? அரசியலிலே இருந்ததால் தலைவர் ஒருவர் உருவாகத் துணை நின்றாரா? விடையை நீங்களே சொல்லுங்கள்.

எழுபத்தேழு வயதிலே

1997 மார்ச்சிலே செட்டி ஜெகன் மறைந்தார். பிரதமராக இருந்த சாமுவேல் ஹைண்ட்ஸ் தலைவரானார், ஜேனட் பிரதமரானார். டிசம்பர் 15-இல் தேர்தல். எழுபத்தேழு வயதிலே களத்தில் இறங்கி வென்றார். கயானாவின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்.

எதிர்க்கட்சி ஏற்கவில்லை. தேர்தலிலே மோசடி என்றது. தெருவிலே கிளர்ச்சி. அதோடு நின்றார்களா? "அமெரிக்காவிலே பிறந்த வெள்ளைக்காரிக்கு இங்கே என்ன வேலை?" என்பது தெருவிலே கேட்ட பேச்சு. ஐம்பத்து நான்கு ஆண்டு அந்த மண்ணிலே உழைத்து, அந்த மண்ணின் சிறையிலே கிடந்தவரைப் பார்த்து, பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். பிறப்பைக் காட்டி மனிதனை மட்டம் தட்டும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல போலும்! வெள்ளையன் கறுப்பனைப் பார்த்துச் சொன்னபோது தவறென்றால், அதைத் திருப்பிச் சொல்வது மட்டும் சரியாகுமா? எந்தத் தொட்டிலிலே கிடந்தார் என்பதா கணக்கு? எந்த மக்களோடு நின்றார் என்பதல்லவா கணக்கு!

அம்மையாரிடமும் ஒரு தவறு நேர்ந்தது. பதவி ஏற்பை நிறுத்தி வைக்கக் கோரும் நீதிமன்ற ஆணை கைக்கு வந்தபோது, அதைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிந்தார். உலகமே அதைப் படத்திலே பார்த்தது. மோசடி ஆட்சியை இருபத்தெட்டு ஆண்டு எதிர்த்த சினம் அது என்று அவர் கட்சியார் கூறுவர். கூறட்டும். ஆட்சியிலே அமர்பவர் சட்டத்தின் தாளைத் தரையிலே போடலாகாது. எதிரியின் சந்தேகத்துக்கு அது எண்ணெய் வார்த்தது.

1998 ஜனவரியிலே கரீபிய நாடுகள் சமரசம் பேசின. வாக்குகளை மறு ஆய்வு செய்வது, ஐந்தாண்டுப் பதவிக் காலத்தை மூன்றாகக் குறைத்துக் கொள்வது என்று உடன்பாடு. தம் ஆட்சிக் காலத்திலே இரண்டு ஆண்டை வெட்டிக் கொடுத்துக் கையெழுத்திட்டார் அம்மையார். ஆய்வாளர்கள் வாக்குகளைப் பார்த்து, முடிவு மாறவில்லை என்றனர். பின்னர் 2001-இல், வாக்காளர் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கிய சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று காட்டி, அந்தத் தேர்தலே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டமோ இரு கட்சிகளும் சேர்ந்து கொண்டு வந்தது! இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும்.

1999 ஆகஸ்டு 11-ஆம் நாள், இதய நோய் காரணமாகப் பதவி விலகினார். வாரிசாக யாரைக் கைகாட்டினார்? வீட்டுக்குள் தேடவில்லை, கட்சிக்குள் தேடினார். முப்பத்தைந்து வயது நிதியமைச்சர் பரத் ஜக்தேவ் அடுத்த தலைவரானார். 2009 மார்ச் 28-இல், எண்பத்தெட்டாம் வயதிலே, ஜார்ஜ்டவுனிலே அம்மையார் மறைந்தார். சிகாகோவின் மகளுக்குப் பெர்பிஸ் மண்ணிலே, கணவருக்குச் சிதை மூட்டிய அதே பாபு ஜானிலே சிதை மூட்டப்பட்டது.

நமக்கு என்ன?

எங்கோ உள்ள நாடு, யாரோ ஒரு பெண். நமக்கு என்ன என்று கேட்கலாம். கட்சி நடத்துவோர் எவரும் கேட்க முடியாது. ஏனெனில் எல்லாக் கட்சி மாநாட்டிலும் பெண்கள் வரவேற்புக் குழுவிலே இருக்கிறார்கள், கோலம் போடுகிறார்கள், ஊர்வலத்தின் முன்வரிசையிலே நிற்கிறார்கள். கணக்குப் புத்தகம், கிளைப் பொறுப்பு, ஏட்டின் ஆசிரியர் நாற்காலி ஆகியவை எத்தனை பெண்கள் கையில் இருக்கின்றன? அவற்றைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் தலைவர் மறைந்ததும் அவர் மனைவியை அழைத்து வந்து மேடையேற்றி, "பெண்ணுக்கு இடம் கொடுத்தோம்" என்று பெருமை பேசுவது பெண்ணுரிமையாகாது. அது அனுதாபத்தை வாக்காக மாற்றும் வாணிபம்.

ஜேனட் ஜெகனுக்கு அவர் கட்சி முதலிலே கொடுத்தது மகுடமல்ல. மை தோய்ந்த பேனாவும் உறுப்பினர் பட்டியலும். அதனால்தான் மகுடம் வந்தபோது அது அவருக்குப் பாரமாக இல்லை; அதைக் கழற்றி வைத்தபோதும் அவர் சிறுத்துப் போகவில்லை.

பெண்களுக்குப் பட்டியலைக் கொடுங்கள், பேனாவைக் கொடுங்கள், கிளையைக் கொடுங்கள். நாற்காலியை அவர்கள் தாமே செய்து கொள்வார்கள்.